மூன்றாவது புள்ளி

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குப் புதிய கட்டணத்தை அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். எத்தனை ஆட்டோக்களில் மீட்டர் ஓடியது என்பது வேறு கதை. கணக்குக் கண்ணால் பார்த்தால் அந்த அறிவிப்பு ஒரு நேர்க்கோட்டின் சமன்பாடு. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘புள்ளி–சாய்வு வடிவம்’ என்று வருமே, அதேதான்.

கிடை அச்சில் தூரம், செங்குத்து அச்சில் கட்டணம் என்று ஒரு வரைபடத் தாளில் குறித்துக்கொள்வோம். 1.8 கிலோமீட்டர் போனால் 25 ரூபாய் என்பது தாளில் ஒரு புள்ளி. அங்கிருந்து கிலோமீட்டருக்கு 12 ரூபாய் வீதம் கட்டணம் ஏறுகிறது. அந்த 12தான் சாய்வு. ஒரு புள்ளியும் ஒரு சாய்வும் தெரிந்துவிட்டன. எழுதிவிடலாம்:

கட்டணம் = 25 + 12 × (தூரம் − 1.8)

பத்து கிலோமீட்டர் போனால்? 1.8 போக மீதி 8.2. அதை 12 ஆல் பெருக்கினால் 98.40. அதோடு 25 சேர்த்தால் 123 ரூபாய் 40 காசு. இதே சமன்பாட்டின் அடைப்புக்குறியைப் பிரித்து எழுதினால் இப்படி ஆகும்:

கட்டணம் = 12 × தூரம் + 3.40

வகுப்பறைகளில் ‘ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் ப்ளஸ் சி’ என்று ஒப்பிப்பார்களே, அந்த வடிவம் இது. எம் என்பது 12, சி என்பது 3.40. இந்த மூன்று ரூபாய் நாற்பது காசு எங்கிருந்து வந்தது? அரசாணையில் அப்படி ஒரு தொகை இல்லை. எந்தப் பயணியும் அதைக் கொடுத்ததில்லை. கோட்டை இடப்பக்கம் நீட்டிக்கொண்டே போனால் செங்குத்து அச்சை அது வெட்டும் இடம் அது, அவ்வளவுதான். தூரம் 1.8ஐவிடக் குறைந்தால் கட்டணம் 25லேயே நின்றுவிடும் என்பதால், அந்தப் பகுதியில் இந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை. சமன்பாடு எங்கே வேண்டுமானாலும் விடை சொல்லும். அந்த விடைக்கு அங்கே பொருள் உண்டா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு கட்டணம் என்றும் அதே அறிவிப்பு சொன்னது. அப்போது வலப்பக்கம் முழுவதையும் 1.5 ஆல் பெருக்க வேண்டும்: சாய்வு 18, சி 5.10. கோடு இன்னும் செங்குத்தாக நிமிரும். அதற்குப் பதிலாக ‘இரவில் எந்தப் பயணத்துக்கும் 20 ரூபாய் கூடுதல்’ என்று விதித்திருந்தால் சாய்வு 12 ஆகவே இருந்திருக்கும். கோடு அப்படியே 20 ரூபாய் மேலே நகர்ந்து, பகல் கோட்டுக்கு இணையாக ஓடியிருக்கும். பெருக்கினால் சாய்வு மாறும், கூட்டினால் கோடு நகரும். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு நோபல் பரிசுக் கதையில் உதவப்போகிறது.

விதி தெரியாதபோது

இப்போது கதையைத் திருப்பிப் போடுவோம். அரசாணை நம் கையில் இல்லை. இரண்டு பயணங்களின் கணக்கு மட்டும் தெரியும்: 5 கிலோமீட்டருக்கு 63.40 ரூபாய், 8 கிலோமீட்டருக்கு 99.40 ரூபாய். கட்டண விதியைக் கண்டுபிடிக்க முடியுமா?

தூரத்தில் 3 கிலோமீட்டர் வித்தியாசம். பணத்தில் 36 ரூபாய் வித்தியாசம். ஆக, கிலோமீட்டருக்கு 12. சாய்வு கிடைத்துவிட்டது. ஐந்து கிலோமீட்டருக்கு 12 வீதம் 60 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் வாங்கியதோ 63.40. மிச்சம் 3.40. சமன்பாடு முழுதாகக் கைக்கு வந்துவிட்டது. ‘இரு புள்ளி வடிவம்’ என்று பாடநூல் தனியாகப் பெயர் வைத்திருக்கும் முறையில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. முதலில் வித்தியாசங்களை வகுத்துச் சாய்வு. பிறகு ஏதாவது ஒரு புள்ளியைப் போட்டு மிச்சம்.

ஆனால் நம் கையில் இருந்தவை வேறு இரண்டு பயணங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், 8 கிலோமீட்டருக்கு 99.40. இப்போது வித்தியாசம் 7 கிலோமீட்டருக்கு 74.40, கிலோமீட்டருக்குச் சுமார் 10.63 என்று வருகிறது. கணக்கில் பிழை இல்லை, அளவுகளிலும் பிழை இல்லை. ஆனாலும் விடை தவறு. முதல் புள்ளி 25 ரூபாயில் படுத்துக் கிடக்கும் பகுதியைச் சேர்ந்தது. இரண்டாவது ஏறும் கோட்டைச் சேர்ந்தது. இரண்டையும் இணைக்க ஒரு கோடு கிடைத்துவிட்டது, ஏனென்றால் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரு கோடு கிடைத்தே தீரும். அந்தக் கோடு சரியா என்று அந்த இரண்டு புள்ளிகளையே கேட்டுப் பயனில்லை. மூன்றாவதாக ஒரு பயணம் வேண்டும். 5 கிலோமீட்டருக்கு இந்தப் போலிக் கோடு 67.51 என்று சொல்லும், பயணியோ 63.40 கொடுத்திருப்பார். அங்கேதான் குட்டு உடையும்.

இந்த அத்தியாயம் முழுவதும் இந்த மூன்றாவது புள்ளியைத் தேடித்தான் போகப்போகிறோம்.

கோடு எப்போது சமன்பாடானது?

இரண்டு புள்ளிகளை ஒரு நேர்க்கோட்டால் இணைக்கலாம் என்பது யூக்ளிடின் முதல் எடுகோள். ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. அவருக்குக் கோடு என்பது வரையப்படும் பொருள். அதற்குச் சமன்பாடு கிடையாது. கோட்டை எண்களின் மொழியில் பேச வைக்க மனிதர்களுக்கு 17ஆம் நூற்றாண்டு வரை பிடித்தது. பிறகு ஒரே சமயத்தில் இரண்டு பேர் செய்தார்கள், இருவரும் பிரெஞ்சுக்காரர்கள்.

ரெனே டெகார்ட்டின் வடிவியல் நூல் 1637இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சானது. தெரியாத அளவுகளுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் பழக்கம் அந்த நூலின் கொடை. ஆனால் அவருடைய ஆர்வம் கடினமான வளைகோடுகளில் இருந்தது. சாதாரண நேர்க்கோட்டில் அவர் நின்று நிதானிக்கவில்லை. நேர்க்கோட்டிலிருந்து தொடங்கியவர் துலூஸ் நகரில் நீதித்துறைப் பணியில் இருந்த பியர் டி ஃபெர்மா. டெகார்ட்டின் நூல் அச்சாவதற்குச் சற்று முன்பே அவர் எழுதி, கைப்பிரதியாக நண்பர்களிடம் சுற்றில் விட்ட ஒரு சிறு நூலில் இந்தக் கருத்து தெளிவாக இருக்கிறது: இரண்டு மாறும் அளவுகளை ஒரு முதற்படிச் சமன்பாடு இணைத்தால், அந்த அளவுகள் குறிக்கும் புள்ளி ஒரு நேர்க்கோட்டில் நகரும். அவர் 1665இல் இறந்தார். நூல் 1679இல்தான் அச்சேறியது. அதனால் பெயர் டெகார்ட்டுக்குப் போனது.

ஃபெர்மா வைத்த வாதம் வடிவொத்த முக்கோணங்களைச் சார்ந்தது. நாமும் அதை ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. சாய்வான ஒரு கோட்டில் ஏதாவது இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் புள்ளியிலிருந்து கிடையாக ஒரு கோடு, மேல் புள்ளியிலிருந்து நேர் கீழாக ஒரு கோடு. ஒரு செங்கோண முக்கோணம் வந்துவிடும். அதே சாய்கோட்டில் வேறு இரண்டு புள்ளிகளை எடுத்து இன்னொரு முக்கோணம் வரையுங்கள். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருக்கலாம்; ஆனால் கோணங்கள் சமம். ஆகவே இரண்டும் வடிவொத்தவை. ஆகவே இரண்டிலும் ‘ஏற்றம் வகுத்தல் ஓட்டம்’ ஒரே எண். அந்த எண்தான் சாய்வு. கோட்டில் எங்கே அளந்தாலும், நெருக்கமாக அளந்தாலும் தூரமாக அளந்தாலும் அது மாறாது. வளைகோட்டுக்கு இந்தக் குணம் கிடையாது.

இது புரிந்தால் சமன்பாடு தானாக விழும். சாய்வு 3, கோடு போகும் ஒரு புள்ளி (2, 5) என்று தெரியும். அதே கோட்டில் முகவரி தெரியாத இன்னொரு புள்ளி (எக்ஸ், ஒய்) இருக்கட்டும். தெரிந்த புள்ளியிலிருந்து அதுவரை ஏற்றம் (ஒய் − 5). ஓட்டம் (எக்ஸ் − 2). இரண்டின் விகிதம் 3 ஆகத்தான் இருக்க வேண்டும். எனவே:

ஒய் − 5 = 3 × (எக்ஸ் − 2)

சுருக்கினால் ஒய் = 3எக்ஸ் − 1. (4, 11) இந்தக் கோட்டில் இருக்கிறதா? மூன்று நான்கு பன்னிரண்டு, அதில் ஒன்று போனால் பதினொன்று, இருக்கிறது. (10, 30)? மூன்று பத்து முப்பது, ஒன்று போனால் 29, இல்லை. தாளும் வேண்டாம், அளவுகோலும் வேண்டாம். முடிவில்லாமல் நீளும் ஒரு கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் பற்றிய தீர்ப்பு அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. இந்தப் புள்ளி–சாய்வு வடிவத்தை இன்றைய உருவில் எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணிதர் காஸ்பார் மோன்ஜ்.

நான்கு பெயர்கள், ஒரே வாக்கியம்

தேர்வுக்குப் படிப்பவர்கள் நேர்க்கோட்டுக்கு நான்கைந்து சூத்திரங்களை மனப்பாடம் செய்வார்கள். உண்மையில் எல்லாமே ‘சாய்வு எங்கும் ஒன்றே’ என்ற ஒரே வாக்கியம்தான். நம்மிடம் என்ன தகவல் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேடம் மாறும்.

சாய்வும் தொடக்கமும் தெரிந்தால் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம். சாய்வும் நடுவில் ஒரு புள்ளியும் தெரிந்தால் புள்ளி–சாய்வு வடிவம்; ஆட்டோ கட்டணம் அப்படித்தான் வந்தது. சாய்வே தெரியாமல் இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தால் இரு புள்ளி வடிவம். அந்த இரண்டு புள்ளிகளும் அச்சுகளின் மேலேயே அமைந்துவிட்டால் வெட்டுத்துண்டு வடிவம். கிடை அச்சை 4இலும் செங்குத்து அச்சை 3இலும் வெட்டும் கோட்டை எக்ஸ்/4 + ஒய்/3 = 1 என்று கணக்கே போடாமல் எழுதிவிடலாம். சரிபார்ப்பதும் சுலபம்: (4, 0)ஐப் போட்டால் முதல் பகுதி 1, அடுத்தது 0, (0, 3)ஐப் போட்டால் தலைகீழ்.

எல்லா வடிவங்களிலும் கேட்பது இரண்டே தகவல்கள். ஒன்று போதாது, ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகும், ஒரே சாய்வில் எண்ணற்ற கோடுகள் இருக்கும்.

அதிகம் பேர் வழுக்கும் இடம் கழித்தல். (2, 5), (6, 17) என்ற புள்ளிகளுக்கு 17இலிருந்து 5ஐக் கழித்தால், கீழேயும் 6இலிருந்து 2ஐத்தான் கழிக்க வேண்டும். 12/4, சாய்வு 3. மேலே ஒரு வரிசை, கீழே வேறு வரிசை என்று மாற்றினால் −3 வரும். ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும். எந்தப் புள்ளியை முதலில் வைத்தாலும் சரி, மேலும் கீழும் ஒரே வரிசை இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் செங்குத்துக் கோடு. அதில் ஓட்டம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. எனவே சாய்வு என்று ஒன்றே அதற்குக் கிடையாது. ஆனால் கோடு இருக்கிறதே! அதன் சமன்பாடு எக்ஸ் = 5 என்பது போல இருக்கும்: ஒய் எதுவானாலும் எக்ஸ் 5. இந்த ஒரு கோட்டையும் விட்டுவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளத்தான் ஏஎக்ஸ் + பிஒய் + சி = 0 என்ற பொது வடிவம்.

செங்குத்தாக வெட்டும் இரு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும் என்ற விதியையும் பலர் காரணம் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். ஒரு கோடு வலப்பக்கம் 3 போனால் மேலே 2 ஏறுகிறது என்போம், சாய்வு 2/3. தாளைக் கால் வட்டம் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். வலப்பக்கம் போன 3 இப்போது மேலே போகும். மேலே போன 2 இடப்பக்கம் போகும். புதிய சாய்வு −3/2. ஏற்றமும் ஓட்டமும் இடம் மாறின, ஒன்றின் குறி மாறியது. பெருக்கினால் −1 வராமல் வேறென்ன வரும்?

வீட்டில் இருக்கும் காய்ச்சல்மானியிலும் ஒரு கோடு ஒளிந்திருக்கிறது. தண்ணீர் உறைவது செல்சியஸில் 0, ஃபாரன்ஹீட்டில் 32. கொதிப்பது 100, 212. இரண்டு புள்ளிகள்: (0, 32), (100, 212). சாய்வு 180/100, அதாவது 9/5. எனவே ஃபாரன்ஹீட் = 9/5 × செல்சியஸ் + 32. உடலின் இயல்பான வெப்பமாகச் சொல்லப்படும் 37 டிகிரியைப் போட்டால் 98.6 வருகிறது. இரண்டு அளவுகோல்களும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் உண்டா என்று கேட்டால், −40 என்று இதே சமன்பாடு சொல்லிவிடும்.

ஃபாரன்ஹீட், செல்சியஸ் இரண்டும் மனிதர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்கள். கோடு நேராக இருக்க வேண்டும் என்பது நாமே போட்ட ஒப்பந்தம். ஆட்டோ கட்டணமும் அப்படியே. இயற்கை அப்படி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அங்கே கோடு வரையும்போதுதான் உண்மையான துணிச்சல் தேவைப்படுகிறது.

அடியில்லாத குளிருக்கு ஒரு அடி

1802இல் ஜோசப் லூயி கே-லூசாக் வாயுக்களைச் சூடாக்கி அளந்த முடிவுகளை வெளியிட்டார். 0 டிகிரியில் 100 பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் காற்று, அழுத்தம் மாறாமல் 100 டிகிரிக்குப் போனால் 137.5 பங்கு இடத்தை அடைக்கிறது. காற்று மட்டுமல்ல, ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாமே ஏறத்தாழ அதே அளவு விரிந்தன.

நமக்கு இது பழகிய கணக்கு. புள்ளிகள் (0, 100), (100, 137.5). சாய்வு 0.375.

கனஅளவு = 0.375 × வெப்பநிலை + 100

இனி ஒரு வில்லங்கமான கேள்வி. கனஅளவு எப்போது பூச்சியமாகும்? 100ஐ 0.375 ஆல் வகுத்துக் கழித்தல் குறி போட வேண்டும்: −266.7 டிகிரி. அதற்குக் கீழே போனால் கனஅளவு எதிர்ம எண்ணாகிவிடும்; இடத்தை அடைக்கும் பொருளுக்கு அது பொருந்தாது. வெப்பத்துக்கு மேல் எல்லை தெரியாவிட்டாலும், குளிருக்கு ஒரு கீழ் எல்லை இருக்க வேண்டும் என்று ஒரு கோட்டின் வெட்டுப்புள்ளி சொல்கிறது!

1840களில் விக்டர் ரென்யோ இன்னும் கவனமாக அளந்து, விரிவு 0.375 அல்ல, ஏறத்தாழ 0.366 என்று திருத்தினார். 1848இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், தனி வெப்பநிலை பற்றிய கட்டுரையில் இதே வகுத்தலைச் செய்தார்: 100ஐ 0.366 ஆல் வகுத்தால் 273. காற்று வெப்பமானியில் −273 என்ற குறிதான் குளிரின் கடைசிப் படி.

சாய்வில் ஏற்பட்ட திருத்தம் வெறும் 0.009. விடையில் ஏற்பட்ட மாற்றமோ ஆறரை டிகிரி. அளந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் கோட்டை நீட்டுகிறோமோ, சாய்வின் சிறு பிழை அவ்வளவு பெரிதாகும். அளந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே 100 டிகிரிதான். நீட்டியதோ அதைப்போல் இரண்டே முக்கால் மடங்கு.

மூன்றாவது புள்ளி என்ன சொன்னது? குளிர்விக்கக் குளிர்விக்கக் காற்று கோட்டின்படியே சுருங்கும். ஆனால் கடைசிவரை போகாது. −183இல் ஆக்சிஜனும் −196இல் நைட்ரஜனும் திரவமாகிவிடுகின்றன. அதிகம் தாக்குப்பிடித்தது ஹீலியம். அதை 1908இல் ஹைக்கே கமர்லிங் ஓனஸ் −269 டிகிரி அளவில் திரவமாக்கினார். அது நடந்ததும் லைடனில்தான். டெகார்ட்டின் நூல் அச்சான அதே ஊர். எந்த வாயுவும் கோட்டின் முனையைத் தொட்டதில்லை.

அப்படியானால் −273 வெறும் ஆட்டோ கட்டணத்தின் 3.40 போன்ற எண்தானா? இல்லை. கெல்வின் கோட்டை மட்டும் நம்பி நிற்கவில்லை. எந்தப் பொருளையும் சாராமல், வெப்ப இயந்திரங்களின் கோட்பாட்டிலிருந்து வெப்பநிலையை வரையறுத்தார். அந்த வழியில் போனாலும் அதே கீழ் எல்லைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இன்று அதன் மதிப்பு −273.15. ஒரு வெட்டுப்புள்ளிக்குப் பொருள் உண்டா என்பதைக் கோடே தீர்மானிக்க முடியாது. வேறொரு திசையிலிருந்து சாட்சி வர வேண்டும்.

புள்ளிகள் முரண்டு பிடித்தால்

ஆய்வகத்தில் எடுக்கும் அளவுகள் ஒரே கோட்டில் அடங்கி உட்காருவதில்லை. கைநடுக்கம், கருவியின் குறை, வானிலை என்று ஏதாவது ஒன்று புள்ளியைச் சற்றே தள்ளிவிடும். இரண்டு புள்ளிகள் இருந்தால் ஒரு கோடு. பத்துப் புள்ளிகள் இருந்தால், இரண்டிரண்டாக எடுத்து 45 கோடுகள் வரையலாம், எதை நம்புவது?

1805இல் அட்ரியன்-மரி லெஜாந்தர் வால்மீன்களின் பாதை பற்றிய நூலில் ஒரு விடை சொன்னார். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே விலகுகிறது என்று பாருங்கள், விலகலை வர்க்கப்படுத்துங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ, அதுவே சிறந்த கோடு. மீச்சிறு வர்க்க முறை என்று இதற்குப் பெயர். 1809இல் காஸ், இதை 1795 முதலே தான் பயன்படுத்தி வந்ததாக எழுத, இருவருக்கும் மனக்கசப்பு வந்தது.

சின்ன எடுத்துக்காட்டு: (1, 2), (2, 3), (3, 5). மூன்றும் ஒரே கோட்டில் இல்லை. முதல் இரண்டுக்கு இடையே சாய்வு 1, அடுத்த இரண்டுக்கு இடையே 2. லெஜாந்தர் முறை தரும் கோட்டின் சாய்வு 3/2, வெட்டுத்துண்டு 1/3. விலகல்கள் +1/6, −1/3, +1/6; கூட்டினால் பூச்சியம். அந்தக் கோடு மூன்று புள்ளிகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை! ஆனாலும் மூன்றுக்கும் பொதுவாக அதைவிட நல்ல கோடு கிடையாது. கணித வகுப்பில் கோடு புள்ளிகள் வழியே போயாக வேண்டும்; அறிவியலில் புள்ளிகளுக்கு நடுவே நியாயமாகப் போனால் போதும்.

ஒரே சாய்வு, வெவ்வேறு தொடக்கம்

1905இல் ஐன்ஸ்டைன் ஒரு கோட்டை முன்கூட்டியே சொன்னார். உலோகத்தின் மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் வெளியேறும் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஒளி சிறு சிறு ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது என்றால், வெளியேறும் எலக்ட்ரானின் உச்ச ஆற்றல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்:

எலக்ட்ரானின் ஆற்றல் = பிளாங்க் மாறிலி × ஒளியின் அதிர்வெண் − உலோகம் பிடித்துக்கொள்ளும் ஆற்றல்

உற்றுப் பார்த்தால் மறுபடியும் அதே எம்எக்ஸ் ப்ளஸ் சி. அதிர்வெண்ணைக் கிடை அச்சில் வைத்தால் சாய்வு பிளாங்க் மாறிலி. வெட்டுத்துண்டு உலோகத்துக்கு உலோகம் மாறும்; சோடியத்துக்கு ஒன்று, லித்தியத்துக்கு வேறு. ஆனால் சாய்வு? அது எந்த உலோகத்துக்கும் ஒன்றேதான். எத்தனை உலோகங்களை எடுத்தாலும் இணைகோடுகள்தான் வர வேண்டும்.

இதைச் சோதித்தவர் ராபர்ட் மில்லிகன். ஒளி பொட்டலங்களாக வருகிறது என்பதை அவர் நம்பவில்லை. சோடியம், லித்தியம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பு காற்றுப் பட்டவுடன் கெட்டுவிடும் என்பதால், வெற்றிடக் கண்ணாடிக் குடுவைக்குள்ளேயே கத்தியால் சீவி, புதுப் பரப்பின் மேல் பாதரச விளக்கின் வெவ்வேறு நிற ஒளிகளை விழச் செய்தார். எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்த எத்தனை வோல்ட் தேவை என்று ஒவ்வொரு நிறத்துக்கும் அளந்தார். 1916இல் வெளியிட்ட வரைபடங்களில் புள்ளிகள் நேர்க்கோட்டில் உட்கார்ந்திருந்தன. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிச் சோதனையில் அவரே முன்பு அளந்திருந்ததால், சாய்விலிருந்து பிளாங்க் மாறிலியைக் கணக்கிட முடிந்தது: 6.57, இன்றைய மதிப்பு 6.626 (பத்தின் அடுக்கை விட்டுவிடுகிறேன்). ஒரு சதவீதத்துக்குள் பொருத்தம்.

சமன்பாடு சரி என்று ஒப்புக்கொண்ட மில்லிகன், அதன் பின்னிருந்த கருத்தை அப்போதும் ஏற்கத் தயங்கினார். இந்த விளைவுக்கான விளக்கத்தையே குறிப்பாகச் சொல்லி ஐன்ஸ்டைனுக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு. மில்லிகனுக்கு 1923இல். நம்பிக்கையில்லாதவர் எடுத்த அளவுகளே கோட்டின் பக்கம் நின்றதுதான் இந்தச் சாட்சியத்தின் பலம்.

அண்டத்தின் சாய்வு

கடைசியாக ஒரு கோடு. மிக எளியது, வெட்டுத்துண்டுகூட இல்லாமல் ஆதிப்புள்ளி வழியே போவது. 1929இல் எட்வின் ஹபிள், விண்மீன் மண்டலங்களின் தூரத்தைக் கிடை அச்சிலும் அவை விலகிச் செல்லும் வேகத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்தார். புள்ளிகள் நிறையவே சிதறிக் கிடந்தன. அவற்றின் நடுவே அவர் ஒரு நேர்க்கோடு வரைந்தார்: வேகம் = சாய்வு × தூரம். எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம். அண்டம் விரிகிறது.

சாய்வுக்கு அவர் பெற்ற மதிப்பு ஏறத்தாழ 500. ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, விநாடிக்கு 500 கிலோமீட்டர். தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம் வரும் என்பதால், இந்தச் சாய்வைத் தலைகீழாக்கினால் விரிவு தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தோராயமாகத் தெரியும். வந்த விடை சுமார் 200 கோடி ஆண்டு. பூமிக்கே 450 கோடி ஆண்டு வயது. அண்டத்தைவிட அதற்குள் இருக்கும் பூமி மூத்ததாக இருக்க முடியாது. கோட்டின் வடிவம் சரி. கிடை அச்சில் குறித்த தூரங்கள் தவறு. 1952இல் வால்டர் பாடே, தூரம் அளக்கப் பயன்பட்ட சீஃபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்று காட்டியதும் தூரங்கள் இரட்டிப்பாயின, சாய்வு பாதியாகியது. அடுத்தடுத்த திருத்தங்களுக்குப் பின் இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. தலைகீழாக்கினால் சுமார் 1400 கோடி ஆண்டு. அண்டத்தின் வயதாக இன்று ஏற்கப்படும் 1380 கோடிக்கு மிக அருகில். அப்போதும் சண்டை ஓயவில்லை: அண்டத்தின் ஆதி ஒளியிலிருந்து கணக்கிடுபவர்களுக்கு 67 வருகிறது, விண்மீன்களை வைத்து அளப்பவர்களுக்கு 73.

சாய்வைத் திருத்தியது ஒரு சோதனை என்றால், கோடு நேர்தானா என்பது அடுத்த சோதனை. 1998இல் இரண்டு குழுக்கள் மிகத் தொலைவில் வெடித்த விண்மீன்களின் ஒளியை அளந்தன. எதிர்பார்த்ததைவிட அவை மங்கலாக, அதாவது இன்னும் தொலைவில் இருந்தன. அருகில் நேராகத் தெரிந்த கோடு தூரப் புள்ளிகளில் வளைந்தது. விரிவின் வேகம் கூடிக்கொண்டே வருகிறது என்பது அந்த வளைவின் பொருள். அதற்கு 2011இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஹபிளின் கோடு இதனால் பொய்யாகிவிடவில்லை. அருகிலுள்ள மண்டலங்களுக்கு அது இன்றும் செல்லும். எதுவரை செல்லும் என்பதுதான் புதிதாகத் தெரிந்தது.

இயற்கையில் எத்தனையோ வளைகோடுகள் இருக்க, விஞ்ஞானிகள் முதலில் நேர்க்கோட்டையே தேடுவது சோம்பலால் அல்ல. வளைகோட்டில் இங்கே ஒரு எண், அங்கே ஒரு எண் என்று மாற்றிக்கொண்டே போனால் எந்தப் புள்ளிக் கூட்டத்தின் வழியாகவும் அதை இழுத்துவிடலாம். அப்படிப்பட்ட கோட்டைப் பொய் என்று நிரூபிக்கவே முடியாது. நேர்க்கோட்டில் மாற்றுவதற்கு இரண்டே எண்கள். அவற்றை இரண்டு புள்ளிகள் பிடித்துக்கொண்டுவிடும். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் கோடு பதில் சொல்லியாக வேண்டும், தப்பிக்க இடமில்லை. தவறாகிவிடக்கூடிய ஒரு கூற்று தவறாகாமல் நிற்கும்போதுதான் அதை நம்புகிறோம். இன்னும் தொலைவுக்குப் போனால், அது உடையும் இடத்திலிருந்துதான் அடுத்த கேள்வி கிடைக்கிறது.